விருப்பம் இல்லாதவர்கள் வெளியே நிற்கலாம்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், "நாத்திகர்கள் கோர்ட்டுக்குப் போய் பள்ளிக்கூடத்திலிருந்து கடவுளை விரட்டினார்கள், இப்போது அனுபவிக்கிறார்கள்" என்று யாராவது கிளம்பி வந்துவிடுவார்கள். நம் ஆட்கள் சிலரும் அதை அப்படியே ஃபார்வர்டு செய்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

கோர்ட்டில் நடந்தது இதுதான். நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் தானே உட்கார்ந்து 22 சொற்களில் ஒரு பிரார்த்தனை எழுதி, தினமும் காலையில் சொல்லலாம் என்று பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. வழக்குப் போட்ட பெற்றோர்களில் கடவுளை நம்பும் யூதர்களும் உண்டு. 1962-இல் அது செல்லாது என்று தீர்ப்பு எழுதிய அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக், தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்த பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். பிரார்த்தனை எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலையில்லை என்றார், அவ்வளவுதான். தனக்குள் வேண்டிக்கொள்ளும் பிள்ளையை யாரும் தடுக்கவில்லை, இன்றுவரை.

அடுத்த வழக்குதான் எனக்கு முக்கியம். பென்சில்வேனியாவில் தினமும் பைபிளிலிருந்து பத்து வசனம் வாசிக்க வேண்டும் என்று சட்டம். 1956-இல் எலரி ஷெம்ப் என்ற 16 வயதுப் பையன் அந்த நேரத்தில் ஒரு குர்ஆனை எடுத்துவைத்து மௌனமாகப் படித்தான். நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினார்கள். குடும்பமே வழக்குப் போட்டது. அவர்கள் யூனிடேரியன் என்ற தாராளவாத மதப்பிரிவின் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், இவர்களும் நாத்திகர்கள் கிடையாது. முதல் சுற்றில் தோற்ற அரசு சட்டத்தைத் திருத்தியது: பெற்றோர் கடிதம் கொடுத்தால் பிள்ளை வெளியே போய்விடலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எலரியின் அப்பா கடிதம் கொடுக்க மறுத்தார். ஏன் என்று நீதிமன்றத்தில் சொன்னார்: மற்ற பிள்ளைகள் என் பிள்ளைகளை விசித்திரப் பிறவிகளாகப் பார்ப்பார்கள். வராண்டாவில் நிற்பது தப்பு செய்தவனுக்குத் தரும் தண்டனை. நாத்திகம், கம்யூனிசம், தேசவிரோதம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முத்திரை குத்துவார்கள். வாசிப்பு முடிந்ததும் வரும் பள்ளி அறிவிப்புகள்கூட அவர்கள் காதில் விழாது. வகுப்புக்கு வெளியே நின்ற அனுபவம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டதுதான் பால்டிமோர் நாத்திகர் மேடலின் மர்ரே தன் மகனுக்காகப் போட்ட வழக்கு. 1963-இல் உச்ச நீதிமன்றத்தில் 8-க்கு 1 என்று வென்றார்கள். வெற்றி ஷெம்ப் பெயரில், வசவு முழுக்க மேடலினுக்கு. 'அமெரிக்காவிலேயே அதிகம் வெறுக்கப்படும் பெண்' என்று லைஃப் பத்திரிகை எழுதியது. வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவர்தான், எனக்கே அவர் பேச்சு பல இடங்களில் பிடிக்காது. அதே மகன் பிற்பாடு கிறிஸ்தவராக மாறி, பள்ளியில் பிரார்த்தனை திரும்ப வேண்டும் என்று பிரசாரம் செய்தது தனிக்கதை.

ஐம்பது வருஷம் கழித்தாவது மாறியதா? ரோட் ஐலண்டில் கிரான்ஸ்டன் என்ற ஊர். அரசுப் பள்ளிச் சுவரில் இருந்த பிரார்த்தனைப் பதாகையை எதிர்த்து ஜெசிகா ஆல்க்விஸ்ட் என்ற மாணவி வழக்குப் போட்டு 2012 ஜனவரியில் வென்றார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வானொலியில் அவரை "சின்னப் பிசாசு" என்கிற தொனியில் திட்டினார். ஒரு நாத்திக அமைப்பு அவருக்கு ரோஜாப்பூ அனுப்ப ஆர்டர் கொடுத்தது. உள்ளூர்ப் பூக்கடைகள் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்துவிட்டன. கடைசியில் பக்கத்து மாநிலத்துக் கடையிலிருந்து பூ வந்தது. "பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே" என்கிறவர்கள், பார்க்க மாட்டேன் என்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை இதில் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால்தான் உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு எனக்கு ஜீரணமாகவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் என்ற ஊரின் ஃபுட்பால் கோச் ஜோசப் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபம் செய்வார். பள்ளி நிர்வாகம் தடுத்து, விடுப்பில் அனுப்பியதும் வழக்குப் போட்டார். அந்த ஜெபம் அவரது தனிப்பட்ட உரிமை என்று 6-க்கு 3 தீர்ப்பு. கட்டாயம் எதுவும் இல்லையாம். நாத்திகனான ஒரு மாணவன், சேர்ந்துகொள்ளாவிட்டால் ஆட வாய்ப்பு குறையுமோ என்று பயந்து கூட நின்றதாக அவன் பெற்றோர் புகார் சொன்னது வழக்கு ஆவணத்திலேயே இருக்கிறது. அணியில் யார் ஆடுவது என்பதில் கோச்சின் சொல் எடுபடும் இடத்தில் 'விருப்பம்' என்ற பேச்சுக்கு என்ன பொருள்? எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி சோட்டோமேயர், மாணவர்கள் கோச்சைச் சுற்றி மண்டியிட்டிருக்கும் புகைப்படத்தையே அதில் சேர்த்துவிட்டார். பெரும்பான்மை நீதிபதிகள் அசரவில்லை.

கென்னடி 2023-இல் வேலைக்குத் திரும்பினார், ஒரே ஒரு ஆட்டம் முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். தீர்ப்பு மட்டும் நாடு முழுக்க எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அப்படியே இருக்கிறது.