பெல்ட் மட்டும் மாத்தினா போதாது

"டைமிங் பெல்ட் நழுவினா பெங்களூரு ஜே.சி. ரோட்டுல புது பெல்ட் வாங்கி மாட்டுங்க, ஓடிடும்"னு சொல்றது எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. பிஸ்டனோட சேர்ந்து சுத்துற கிராங்க் தண்டையும், வால்வைத் திறக்குற கேம் தண்டையும் இணைக்கிறது இந்த பெல்ட்தான். பிஸ்டனும் திறந்த வால்வும் ஒரே இடத்துக்கு வர்ற அமைப்புன்னா (டீசல் பெரும்பாலும் அப்படித்தான்) பெல்ட் சில பல் நழுவினாலே வால்வு வளைஞ்சிடலாம்.

முதல்ல, செல்ஃப் அடிக்காதீங்க. கிராங்க், கேம் ரெண்டோட டைமிங் மார்க்கையும் சேர்த்து பெல்ட்டை மாட்டினதும் கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையால 2 முழுச் சுற்று சுத்துங்க. அப்பதான் கேம் 1 சுற்று முடிக்கும். இடிச்சு நின்னா பலம் போட வேண்டாம். லேசா சுத்திட்டாலும் வால்வு தப்பிச்சதுன்னு அர்த்தமில்லை. லீக்டவுன் டெஸ்ட்ல (வால்வு மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்தி கசிவு பார்க்கிறது) ஏர் ஃபில்டர் பக்கம் 'உஸ்'னு வந்தா இன்டேக் வால்வு, சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு கசியுது. அப்படின்னா வால்வு இருக்கிற மேல்பாகமான ஹெட்டைக் கழட்டியே ஆகணும். நழுவினதுக்குக் காரணம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரா, ஆயில் சீல் கசிவான்னும் பாருங்க.