குருதிக் குழாயும் கொழும்புப் பயணமும்

நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எப்.ஆர். (EGFR) எனும் மரபணுவின் விகாரத்தைக் (மாற்றத்தைக்) குருதிப் பரிசோதனையிலேயே கண்டறியலாம் என விளக்கும் கட்டுரையொன்றை வாசித்தேன்; மிகவும் பயனுள்ளது. நெஞ்சில் ஊசி செலுத்த முடியாத அளவுக்கு மூச்சுத் திணறும் முதியவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஊதா மூடியிட்ட வழமையான குழாயில் எடுத்த குருதியை அப்படியே இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால், வழியில் வெண்குருதிக் கலங்கள் உடைந்து தமது டி.என்.ஏ.யை வெளிவிட, பரிசோதனை தேடும், கட்டியிலிருந்து வந்த சொற்ப டி.என்.ஏ. அதற்குள் அமிழ்ந்துவிடும். ஆகவே சில மணித்தியாலங்களுக்குள் இங்கேயே குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையத்தைப் (பிளாஸ்மாவை) பிரித்து, உறைநிலையிலேயே அனுப்ப வேண்டும். இல்லையேல் கலங்கள் உடையாமல் காக்கும் விசேட குழாயைப் பயன்படுத்த வேண்டும். குருதியில் விகாரம் தென்படாவிட்டால், அது இல்லவே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. இயலுமாயின் கட்டியிலிருந்து எடுத்த இழையத்தையும் (திசுவையும்) சோதிக்க வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொரு மாதிரியும் உண்டு. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை வெளியேற்றியதும், அதைச் சுழற்றிப் படியவைத்த கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, மேலே எஞ்சும் தெளிந்த நீரை ஊற்றிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். அந்த நீரிலும் கட்டியின் டி.என்.ஏ. இருக்கிறது, பல வேளைகளில் குருதியில் உள்ளதைவிடத் தாராளமாக. முற்றிய நிலையிலும் இவ்விகாரத்தைக் குறிவைக்கும் ஒசிமெர்ட்டினிப் போன்ற மாத்திரையை முதற்சிகிச்சையாக வழங்கலாமா என்பது விகாரப் பரிசோதனையின் முடிவிலேயே தங்கியிருப்பதால், அந்த நீரை ஊற்றிவிடாமல் வைத்திருக்குமாறு உறவினர்கள் வைத்தியரிடம் தயங்காமல் கேட்கலாம்.