ஒரே அமர்வில் மனவசியம் (ஹிப்னாசிஸ்) சிகரெட்டை நிறுத்திவிடுமா?

"ஒரே ஒரு மனவசிய அமர்வு போதும், 100 பேரில் 90 பேர் சிகரெட்டை விட்டுவிடுவார்கள், இது ஆய்வில் நிரூபணமானது" என்றொரு செய்தி பினாங்குத் தமிழர்களின் புலனக் குழுக்களில் பகிரப்பட்டு வருகிறது. இது உண்மையன்று.

1,926 பேர் பங்கேற்ற 14 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வு, மற்ற நடத்தை உதவிகளைவிட மனவசியம் மேலானது என்று சொல்லத்தக்க சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

மருந்தைச் சோதிக்கும்போது ஒப்பீட்டுக்குப் போலி மாத்திரை கொடுக்கலாம். உளவியல் உத்திக்கு அது இயலாது என்பதால், ஒப்பீட்டுக் குழுவினருக்கும் அதே நேரத்தையும் அதே அக்கறையையும் பலன் கிட்டும் என்ற அதே எதிர்பார்ப்பையும் தந்து, சோதிக்கப்படும் உத்தியை மட்டும் விலக்கி வைக்கிறார்கள். இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிகரெட்டைக் குறைத்தால், அந்தப் பலனை உத்தியின் கணக்கில் எழுத முடியாது. முதல் வாரத்து மகிழ்ச்சியும் போதாது. குறைந்தது 6 மாதம் கழித்து, மூச்சைச் சுமார் 15 விநாடி அடக்கிக் கருவியில் ஊதச் சொல்லி, புகைப்பவர் மூச்சில் கூடுதலாக இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவின் அளவையும் பார்த்த பிறகே 'விட்டார்' என்று பதிவு செய்வது முறை. பகிரப்படும் செய்தியில் ஒப்பீட்டுக் குழுவும் இல்லை, காலக் கணக்கும் இல்லை.

உளவியல் உதவியே வீண் என்று இதற்குப் பொருளன்று. பயிற்சி பெற்றவரின் நேரடி ஆலோசனை பலன் தருவதற்கு உறுதியான சான்று உண்டு. சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் மாற்று மருந்தும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் இச்சேவை கிடைக்கிறது. மனவசிய அமர்வுக்குப் பணம் கட்டுமுன் அங்கே விசாரியுங்கள்.