எரு போட்டும் பயிர் வெளிறுகிறதா?

"இயற்கை உரத்துக்கு மாறினேன், முதல் வருஷமே காய்கறி விளைச்சல் படுத்துவிட்டது" என்று யாராவது எழுதினால் போதும், இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். ஒன்று, "அப்பவே சொன்னோம், யூரியா இல்லாமல் காய் வராது" என்று குத்திக்காட்டும். இன்னொன்று, "மண் விஷமாகிக் கிடக்கிறது, பொறுத்திருங்கள்" என்று ஆறுதல் சொல்லும். என்ன எரு போட்டீர்கள், மக்கியதா, எவ்வளவு என்று கேட்கத்தான் ஆள் இருக்காது.

முதலில் கணக்கு. மாட்டுத் தொழுவச் சாணமும் குப்பையும் மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஒரு டன்னுக்கு 5 கிலோ. அதே 5 கிலோ, 11 கிலோ யூரியாவில் இருக்கிறது. தொழுவுரத்தில் உள்ளதும் முதல் பயிருக்கு முழுசாகக் கிடைக்காது. ஒரு பகுதிதான் வரும், மிச்சம் அடுத்தடுத்த பயிர்களுக்கு. யூரியாவோடு தராசில் வைத்தால் எரு தோற்கத்தான் செய்யும். அதன் முக்கியமான வேலை மண்ணுக்குக் கரிமம் (கார்பன்) சேர்ப்பது.

காய்கறி நிலத்துக்கு அது கூடுதலாகத் தேவை. தானியப் பயிரில் தாளும் வேருமாவது மண்ணில் மிஞ்சும். கீரையோ வேரோடு போய்விடுகிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று பயிர், ஒவ்வொன்றுக்கும் உழவு, களைக்கொத்து. கிளறக் கிளறக் கரிமம் கரியமில வாயுவாகக் காற்றில் போகிறது. வெப்பமான இடங்களில் இன்னும் வேகமாக.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஒரே நிலத்தில், பல வருஷம் எரு கண்ட பாத்தியிலிருந்து ஒரு கட்டி, எருவே காணாத பாத்தியிலிருந்து ஒரு கட்டி எடுத்து நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிரம்பிய இரண்டு கண்ணாடி டம்ளரில் மெல்ல விடுங்கள். எரு காணாதது பெரும்பாலும் குமிழி விட்டுச் சில நிமிஷத்தில் பொடிந்து அடியில் சேறாகப் படியும். மற்றது அப்படியே நிற்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். நுண்ணுயிர்கள் எருவைத் தின்று வெளிவிடும் பசையும் பூஞ்சை இழைகளும்தான் அந்தக் கட்டியைப் பிடித்து வைத்திருக்கின்றன. டம்ளரில் கரைகிற மண், மழைக்குப் பின் பொறுக்குத் தட்டிப்போகும். முள்ளங்கி விதை முளைத்து மேலே வரத் திணறும்.

சரி, பிறகு ஏன் முதல் வருஷம் அடி விழுகிறது? பல இடங்களில் காரணம் அரைகுறையாக மக்கிய சரக்கு. மரத்தூள், மக்காத தென்னை நார்க்கழிவு, வைக்கோல் கலந்த சாணம் போன்றவற்றில் கரிமம் மிக அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 30 பங்குக்கு மேல் கரிமம் இருந்தால், அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கத்தரி நாற்று அடியிலையிலிருந்து வெளிறும். நிலம் "பழகிக்கொள்கிறது" என்று நாம் காத்திருப்போம்.

எனக்கு எரிச்சல் தருவது, "இயற்கைதானே, கொஞ்சம் கூடினால் என்ன" என்ற பேச்சு. தழைச்சத்துக்காகக் கோழி எருவைத் தொடர்ந்து கொட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும், மழையில் அடித்துப் போனால் குளத்தில் பாசி மண்டும். பச்சைச் சாணத்தில் நோய்க்கிருமி வேறு. மண்ணைத் தொடும் காய்கறியாக இருந்தால், மக்காத எரு போட்டு 120 நாளாவது கழித்துத்தான் அறுவடை செய்ய வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி.

எருவின் பலன் மெதுவாக வரும், ஆனால் தங்கும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை தொழுவுரம் போட்டு நிறுத்தினார்கள். நூறு வருஷம் கடந்தும் அந்த மண்ணில் கரிமம், எருவே போடாத பகுதியைவிடக் கூடுதலாக இருந்தது.

அதனால் மாறும் காலத்தில் மக்கிய எருவை அடியுரமாகப் போட்டு, பயிர் கேட்டால் அளவோடு யூரியாவை மேலுரமாகக் கொடுப்பதை நான் பாவமாக நினைக்கவில்லை. மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் கோழி எருவை நிறுத்திவிட்டு, சணப்பை, தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் உரப் பயிரை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும், மணிச்சத்தைக் கூட்டாது.