நாற்பதாயிரம் மெயிலும் என் மேல் விழுந்த பழியும்

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், போட மாட்டேன். "மெயில் செட் பண்ணினவனுக்கு வேலை தெரியாது, அதான் எல்லாம் ஸ்பேமுக்குப் போகுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே பதினொரு பேர் கைதட்டியிருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான்.

சொல்ல வந்தது ஒன்றுதான். கேட்காத ஆளுக்கு அனுப்பினால் அது ஸ்பேம். யார் செட் பண்ணினாலும் ஸ்பேம்.

அவர் எழுதியது ஒரு அண்ணனின் வியாபார மெயிலைப் பற்றி, அதை செட் பண்ணியவன் நான். அந்த அண்ணனுக்கு குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய தேன். இரண்டு வருடமாக நாங்கள் சேர்த்தது 1,800 முகவரி. எல்லாரும் ஒரு தடவையாவது தேன் வாங்கி, "அடுத்த சீசனுக்குச் சொல்லுங்க" என்று தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் சமயம் பெட்டிகளில் தேன் நிறையும். முதல் எடுப்பு முடிந்த வாரம் ஒரு மெயில் போகும், அன்று சாயங்காலமே ஆர்டர் வரத் தொடங்கும். இந்த வருடம் யாரோ அவருக்கு நாற்பதாயிரம் முகவரி உள்ள லிஸ்ட்டை விற்றுவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே டொமைனிலிருந்து, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் அவர் கடைப் பெயரிலிருந்து, ஒரே ராத்திரியில் அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்பினால் நீங்கள் மொத்தமாக அனுப்புகிறவர். ஒரே ஒரு நாள் அந்த அளவைத் தொட்டாலும் போதும், அந்தப் பெயர் பிறகு மாறாது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் "இது ஸ்பேம்" என்று அமுக்கினால் கதை முடிந்தது. முன்பின் தெரியாத நாற்பதாயிரம் பேரில் எத்தனை பேர் அமுக்கியிருப்பார்கள் என்று கைதட்டியவர்களே கணக்குப் போடட்டும்.

"எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் சரியாக வைத்திருந்தால் ஏன் போகிறது?" என்று கேட்பீர்கள். டொமைனுக்கு வைக்கும் இந்த மூன்று அடையாளச் சோதனைகளும் சரியாகத்தான் இருக்கின்றன, இன்றும் பார்த்தேன். இந்த மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று அவை காட்டும். மெயில் கிடைக்கிறவருக்கு அது வேண்டுமா என்று அவற்றுக்குத் தெரியாது.

தலைப்பில் "இலவசம்" என்று போடாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அன்சப்ஸ்கிரைப் பட்டன் வைத்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்கிறார்கள். போகட்டுமே! போக வழி இல்லாதவர் ஸ்பேம் பட்டனைத்தான் அமுக்குவார். இவ்வளவு அனுப்புகிறவர்களுக்கு ஒரே கிளிக்கில் விலகும் வசதி இப்போது கட்டாயம். விலகியவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிடவும் வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். 2019இல் கிராம்பும் நல்லமிளகும் ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியில் கிடைத்த அறுநூறு விசிட்டிங் கார்டையும் லிஸ்டில் ஏற்றி அனுப்பினேன். யாரும் என்னிடம் மெயில் கேட்கவில்லை. அடுத்த வாரம் முதல் நான் அனுப்பிய பில்லே ஸ்பேமுக்குப் போனது. தக்கலையிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்து, "பணத்த வாங்கிட்டுப் பதிலே இல்லையே தம்பி, ஏமாத்திட்டியா?" என்றார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. விளம்பரம் போய்ச் சேராவிட்டால் பரவாயில்லை. அதே டொமைனில் போகும் பில்லும் சேராமல் போனால் நம்மைத் திருடன் என்பார்கள்.

"சின்ன வியாபாரி வேறு எப்படி ஆள் பிடிப்பான்?" என்றும் கேட்கிறார்கள். கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 1,800 பேரைச் சேர்த்ததும் இதே சின்ன வியாபாரிதான். பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்து, வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். இரண்டு வருட உழைப்பு ஒரு ராத்திரியில் போனது. அதற்கு யாரும் வருத்தப்படவில்லை. வெளியூரிலிருந்து வந்து லிஸ்ட் விற்றவர் எக்ஸ்பர்ட், "விலைக்கு லிஸ்ட் மட்டும் வேண்டாம் அண்ணே" என்று முதல் நாளிலிருந்து சொன்ன உள்ளூர்க்காரன் வேலை தெரியாதவன். பத்து வருடமாக இந்த மாவட்டத்தில்தான் வேலை செய்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் போன் எடுத்திருக்கிறேன்.

இன்று காலை அண்ணனே கூப்பிட்டார். குரலே சரியில்லை. நாளை மார்த்தாண்டம் போகிறேன். அந்த நாற்பதாயிரத்தையும் அழித்துவிட்டு, சமீபத்தில் தேன் வாங்கிய இருநூறு பேருக்கு மட்டும் முதலில் அனுப்பப் போகிறோம். ஸ்பேம் புகார் அளவைக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் அது குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு. வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் இந்த சீசன் முடிந்துவிடும்.

குழுவில் அந்த வரியை எழுதியவர் அதை நீக்க வேண்டும். கைதட்டிய அந்த மூன்று பேர் அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். என் நம்பர் அவர்களிடம் இருக்கிறது.