மகளுக்கு வீடு: ஐந்து சென்ட் மனையா, உம்மாவின் தெருவா?

அடுத்த ஆண்டு என் மகளுக்குத் திருமணம் பேசி வைத்திருக்கிறோம். கீழக்கரையில் இதைச் சொன்னால் கேட்பவர் அடுத்த மூச்சில் "வீடு எங்கே கொடுக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் மணமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் அவள் பெயரில் ஒரு வீடு கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். மூன்று பெண்கள் என்றால் மூன்று வீடுகள். எங்கள் வாப்பாமார்கள் (அப்பாக்கள்) சபரிலேயே, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பிலேயே, முப்பது ஆண்டுகளைக் கழித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே ஐந்து சென்ட் மனை. அதில் கீழும் மேலுமாக 1,900 சதுர அடி கட்டலாம். நான்கு படுக்கையறை, கார் நிறுத்த இடம், பின்னால் நான்கு தென்னை. இரண்டாவது, ஊருக்குள் எங்கள் தெருவில் என் உம்மாவின் (அம்மாவின்) பழைய வீட்டில் எனக்குப் பாகமாக வந்த 680 சதுர அடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, பாய் விரித்தால் நிறைந்துவிடும் ஒரு முற்றம். என் கணவர் முதலாவதைச் சொல்கிறார், நான் இரண்டாவதைச் சொல்கிறேன். அவரும் இதைப் படிப்பார். அவரிடம் சொல்லாத எதையும் நான் இங்கே எழுதவில்லை.

நான் ஆசைப்படத் தெரியாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் என் வாப்பா பெரிய வீடுதான் கொடுத்தார்கள். தெருவுக்குள் இடம் கிடைக்காத காலம் அது. 2006-இல் ஊருக்கு வெளியே 1,850 சதுர அடியில் கட்டி, பால் காய்ச்சிக் குடிபோனபோது நான் அழுதேன், சந்தோஷத்தில். அந்த வீட்டில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். என் கணவர் சவூதியில் இருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம், சில தடவை இரண்டரை மாதம் விடுமுறை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் அந்த வீட்டில் தங்கியது மொத்தம் பத்து மாதம். நான் தங்கியது நூற்றெட்டு மாதம். அவர் ஊரில் இருக்கும் நாட்களில் வாசலில் வாடகைக் கார் நிற்கும், மச்சினன் பைக் நிற்கும். எங்கே போகவும் ஐந்து நிமிடம். அதனால் அவருடைய நினைவில் அந்த வீடு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் நினைவில் அது வேறு இடத்தில் இருக்கிறது.

2012 கார்த்திகை மாதத்தில் ஒரு இரவு. மகனுக்கு நான்கு வயது. பத்தரை மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மூன்று நாள் மழையில் உள்பாதை முழுக்கச் சேறு. தெரிந்த ஆட்டோக்காரர்கள் மூன்று பேரையும் அழைத்தேன். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ரோடு வரைக்கும் வந்துவிடுங்கள், அங்கே நிற்கிறேன்." மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். கைப்பேசி வெளிச்சத்தில் அடுத்த அடி மட்டும்தான் தெரிந்தது. ஒரு செருப்பு சேற்றில் சிக்கிக்கொண்டது. குனிந்து எடுத்தால் பிள்ளை இருமுவான் என்று விட்டுவிட்டேன். என் காதுக்குப் பக்கத்தில் அவன் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று ஓதிக்கொண்டே நடந்தேன். சாலைக்கு வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளை இப்போது என்னைவிட உயரம்.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். உண்மைதான். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது. கீழக்கரையிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர், நல்ல சாலை, எந்த நேரமும் வண்டி. அந்தப் பதினேழு கிலோமீட்டரால் எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை. தொல்லையெல்லாம் அதற்கு முன்னால் உள்ள ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்தது. பஸ்ஸும் அப்படியே. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எவ்வளவோ பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பஸ் சாலையில்தான் வரும், மனைக்குள் வராது.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். வீடு இருக்கும் இடம் நல்ல இடமா என்பதை, அந்த வீட்டில் வண்டி ஓட்டாத ஆளின் காலால் அளக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் "ஐந்து நிமிடம்" என்று போட்டிருப்பது வண்டி வைத்திருப்பவருக்கான கணக்கு. மாமியாருக்கு அது எத்தனை நிமிடம்? பள்ளியிலிருந்து வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு? மூட்டு வலியோடு மருந்துக் கடைக்குப் போக வேண்டிய என் உம்மாவுக்கு? வீடு வாங்கும் முடிவை எடுப்பவர்கள் பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவர்கள். அதுவும் எங்கள் ஊரில், அந்த முடிவைத் தம்மாமிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு புகைப்படம் பார்த்து எடுக்கிறார்கள். சதுர அடி புகைப்படத்தில் தெரியும். தூரம் தெரியாது.

தண்ணீரைச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. போர் போட்டால் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, குளித்தால் சோப்பு நுரைக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவுக்குள் வந்துவிட்டது. நாள் தவறி வந்தாலும் வரும். வெளி மனைகளுக்கு அந்தக் குழாய் வரவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுக்கக் குடம் கணக்கில் வண்டித் தண்ணீர்தான் வாங்கினேன். வண்டிக்காரர் வரும் நேரம் அவருக்கே தெரியாது. அவர் ஹார்ன் சத்தம் கேட்பதற்காகக் காலை முழுவதும் வாசல் பக்கமே காதை வைத்திருப்பேன். நான்கு படுக்கையறை உள்ள வீட்டில் நான் அதிகம் நின்ற இடம் கேட்டுக்குப் பின்னால்தான்.

அடுத்தது உப்புக் காற்று. இதை மனை விளம்பரத்தில் "கடல் காற்று" என்று அழகாகப் போடுகிறார்கள். குடிபோய் ஏழாவது ஆண்டு, சமையலறைக் கூரையிலிருந்து ஒரு சிமென்ட் பெயர்ப்பு கிரைண்டர் பக்கத்தில் விழுந்தது. இரண்டு உள்ளங்கை அளவு. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை அடித்தது அப்படியே இருந்தது, மறுபக்கம் கம்பியின் அச்சு பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. தடிமன் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பிறகு ஒரு பொறியாளர் விளக்கினார். காற்றில் வரும் உப்பு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப் பிடித்த இரும்பு பழைய இரும்பைவிட அதிக இடம் கேட்கிறது, அதனால் மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. கொத்தனார்கள் "கவர்" என்று சொல்கிறார்களே, கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய அந்தக் கான்கிரீட், கடலோரத்தில் 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கான்கிரீட்டே எம் 30 என்ற வலுவான தரமாக இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. இப்படிக் கட்டினால் செலவு ஏறும். செலவு ஏறினால் சதுர அடியைக் குறைக்க வேண்டும். யாரும் சதுர அடியைக் குறைப்பதில்லை, கவரைத்தான் குறைக்கிறார்கள். இந்த ஊரில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு சதுர அடியும் பிற்காலத்தில் கொத்தி எடுத்துப் பூச வேண்டிய கூரை. வாடகை வருமானம் இல்லாத வீட்டுக்கு அந்தச் செலவை மகள் எங்கிருந்து கொண்டுவருவாள்?

உம்மா வீட்டின் பழைய சுவர் கடல் கல்லும் சுண்ணாம்பும். கம்பியே கிடையாது, அதனால் துருவும் கிடையாது. ஆனி வெயிலில் முதுகைச் சாய்த்தால் குளிர்ச்சியாக இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லும்போதே மனம் உறுத்துகிறது. அந்தக் கல் பவளப்பாறை. அப்படி வெட்டி வெட்டித்தான் எங்கள் ஊருக்கு எதிரே உள்ள தீவுக் கூட்டத்தில் பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போய்விட்டது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, இனி ஒரு கல்லைத் தொட முடியாது, தொடவும் கூடாது. இருக்கிற சுவரையாவது இடிக்காமல் வைத்துக் குடியிருப்பது நாம் கடலுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

என் கணவர் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டும். அவர் பொழுதுபோக்குக்காகப் பெரிய வீடு கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் எட்டுப் பேரோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில் படுத்தவர். தன் மகளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, தன் பேரப்பிள்ளைகள் ஓட ஓர் இடம் வேண்டும் என்கிறார். அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. தெரு வீட்டில் அது இல்லை. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் முடிய இரண்டு ஆண்டுகள் ஆனது. முற்றத்து வடிகால் யாருடையது என்று இன்னும் பேச்சு நடக்கிறது. சம்பந்தி வீட்டார் வந்து பார்த்துவிட்டு "சிறியதாக இருக்கிறதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது அவருக்குத்தான் வலிக்கும். அவர் பார்த்த மனையிலும் குற்றம் சொல்ல முடியாது. அனுமதி பெற்ற மனைப்பிரிவு, வில்லங்கம் இல்லை, உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறி வரும் எல்லையிலிருந்து) 500 மீட்டருக்குள் வரும் கடற்கரை ஒழுங்குமுறைத் தொல்லையும் இல்லை. எல்லாத் தாள்களையும் நானே பார்த்தேன்.

"மகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமே" என்பதுதான் அவருடைய வலுவான வாதம். தெரியும், நன்றாக ஓட்டுவாள், நான்தான் கற்றுக்கொள்ளச் சொன்னேன். எனக்கு அன்று அது தெரிந்திருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும். என் சின்னம்மா மகன் குடும்பம் வெளி மனையில்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் வண்டி ஓட்டுகிறார்கள், ஒரு காரும் நிற்கிறது, சந்தோஷமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் என் மகள் வாழ்நாள் முழுவதும் வண்டி ஓட்டும் நிலையில் இருக்க மாட்டாள். பிள்ளை உண்டாகும், பேறுகாலம் வரும், நாற்பது நாள் எழுந்து நடமாட முடியாது, கைக்குழந்தை இருக்கும். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டிய காலமும் அவள் வண்டியைத் தொட முடியாத காலமும் ஒன்றுதான். அந்த மாதங்களில் நான் அவளிடம் போய்ச் சேர வேண்டும், எனக்கோ ஓட்டத் தெரியாது. தெரு வீட்டிலிருந்து என் வாசலுக்கு முடுக்கு (சந்து) வழியாக எழுபத்திரண்டு காலடி. நடந்து எண்ணினேன். இரவு இரண்டு மணிக்கும் அது எழுபத்திரண்டு காலடிதான்.

2015-இல் நான் தெருவுக்குத் திரும்பி வந்தது நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு. முதல் நோன்பன்று அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு ஓடினார்கள், என் மகளும் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கஞ்சி தளும்பாமல் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். வாளி சூட்டில் உள்ளங்கை சிவந்திருந்தது. வரும் வழியில் மூன்று வாசலில் நிறுத்தி, "யார் மகள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என் பெயரைச் சொன்னதும் மூன்று பேரும் அடையாளம் தெரிந்து ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெரிய வீட்டில் நான் கஞ்சியை வீட்டிலேயே காய்ச்சினேன். அரிசி, பூண்டு, வெந்தயம், கறி எல்லாம் அதேதான். அதைக் குடிக்க நானும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் மட்டும் இருந்தோம்.

நேற்று மகளே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெரு வீட்டுக்குப் போனாள். பீரோ எங்கே நிற்கும், கட்டில் வாசல் திருப்பத்தில் நுழையுமா என்று அளந்து ஒரு தாளில் குறித்திருக்கிறாள். கட்டில் நுழையாது. கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்யலாம் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை அவளே அவள் வாப்பாவுக்கு அனுப்பினாள். "வந்து பேசலாம்" என்று ஒரு வரி பதில் வந்தது.

அடுத்த மாதம் வருகிறார். வந்த மறுநாள் அவரை அந்த மனைக்கு அழைத்துப் போகப் போகிறேன். போகும்போது ஆட்டோ. திரும்பும்போது ஆட்டோவை அனுப்பிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு, கையில் ஒரு குடத் தண்ணீரோடு இரண்டு பேரும் சாலை வரை நடந்து வருவோம். அதற்குப் பிறகும் அவர் அந்த மனைதான் வேண்டும் என்றால், நான் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.