எவர்சில்வர் டம்ளரில் ஒரு பெயர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தப் பருவம் முழுக்கச் செய்த கலைத் திட்டத்தைச் சென்ற வாரம் பள்ளியில் காட்சிக்கு வைத்தோம். பார்க்க வந்த ஒருவர் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிட்டு, “பண்பாடு என்றீர்களே, கரகம், கும்மி எதையும் காணோமே டீச்சர்?” என்று கேட்டார். நல்ல மனிதர்தான், குத்தலாகக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகாததால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் தொடங்கியது மிகச் சிறிய வேலையோடு. பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் என் மேசை பாத்திரக் கடை ஆகிவிட்டது. டம்ளர், வட்டில், தூக்குவாளி, தாம்பாளம், அடி நசுங்கிய பித்தளைச் சொம்பு. ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக ஒரு பெயர். யார் பெயர், யார் வெட்டச் சொன்னது, என்ன விசேஷம் என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். சீராக வந்த பாத்திரத்தில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதில் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது என்பதை ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே அலமாரியில், ஒரே பெண்ணின் பெயர், இரண்டு இனிஷியல்கள். அன்று அந்த வகுப்பில் நடந்த பேச்சை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தந்ததில்லை.

அந்தப் பித்தளைச் சொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெயருக்குக் கீழே ‘துணை’ என்று வெட்டியிருந்தது. ஆனால் ‘ணை’ இன்றைய ணை இல்லை. எழுத்துக்கு மேலே தும்பிக்கை போல ஒரு சுழி ஏறியிருக்கும் பழைய ணை. வகுப்பில் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும்வரை பள்ளிகளில் எழுதியது இந்த ணையைத்தான், பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்று சொன்னேன். சொம்பின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தோம். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். சுவர் முழுக்க அந்தத் தாள்களை ஒட்டினோம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வந்து தங்கள் வீட்டுப் பெயரைத் தேடினார்கள்.

அதற்குப் பிறகுதான் கீழடி அகழாய்வு அருங்காட்சியகத்துக்குப் போனோம். இந்த வரிசையை வேண்டுமென்றே வைத்தேன். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் இருக்கும் அந்த அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த நாளிலிருந்து பல பள்ளிகளும் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. வரிசையில் நடந்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, பஸ் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ என்ற பெயரின் முன்னால் நின்றுவிட்டார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று வந்தது. இந்த எண்களையெல்லாம் அங்கே சொன்னேன், பாதிப் பேர் கேட்கவில்லை. ஒரு பையன் மட்டும் என் பக்கம் திரும்பி, “டீச்சர், இதுவும் பாத்திரத்தில் பெயர் வெட்டியதுதானே?” என்றான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பும் வழியில் பஸ்ஸில், மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக்குகையில் இருக்கும் பழைய கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். நந்தன் என்ற சமணத் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி குகையில் படுக்கை வெட்டிக் கொடுத்து, கொடுத்தவன் பெயரோடு பாறையில் பொறித்து வைத்திருக்கிறான். “அப்படியென்றால் அன்பளிப்பு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கல்யாணத்துக்குக் குடம் கொடுப்பவர் தன் பெயரை வெட்டிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வெட்டு ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது.

அடுத்தது மண். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியிலிருந்து, மண்பாண்டம் செய்யும் ஒரு வேளார் பெரியவர் வந்தார். கண்மாய் மண்ணோடு மணல் கலந்து பிள்ளைகளைக் காலால் மிதிக்கவிட்டார். சக்கரத்தில் ஆளுக்கொரு சின்னக் கலயம். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன்னால் ஊரார் வந்து பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்தால்தான் குதிரை செய்யத் தொடங்குவோம் என்று அவர் சொன்னதும், பிள்ளைகள் கையில் இருந்த மண்ணைக் கொஞ்சம் மரியாதையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நாங்கள் தப்புச் செய்தோம். கலயம் நிழலில் நன்றாக உலர வேண்டும், அவசரப்படாதீர்கள் என்று பெரியவர் படித்துப் படித்துச் சொன்னார். பருவத் தேர்வு நெருங்கியது. ஓவிய வகுப்பு இரண்டு வாரமாகக் கணக்குக்குப் போய்விட்டது. கிடைத்த ஒரு மதியத்தில் சுட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். வைக்கோலும் எருவாட்டியும் அடுக்கித் தீ வைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளே டப் டப்பென்று சத்தம். ஈரம் இருந்த கலயங்கள் வெடித்தன. 38 கலயங்களில் 15 போயின. அழுத பிள்ளைகளைப் பெரியவர் அதட்டவில்லை. ஆறிய ஓடுகளைப் பொறுக்கி ஆளுக்கொன்று கொடுத்து, ஆணியால் பெயரைக் கீறச் சொன்னார். காட்சியில் எல்லாரும் நின்று பார்த்தது அந்த ஓடுகளைத்தான்.

என் வருத்தமெல்லாம் அந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. கட்டாயக் கல்விச் சட்டம் 2009, நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கென்று பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2012இல் அப்படி நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்கு வாரம் மூன்று அரைநாள்தான் வேலை. அந்த அரைநாளிலும் ‘கணக்கு முடியவில்லை’ என்று யாராவது கேட்டால் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது ஓவிய வகுப்புதான். கலைத் திருவிழா போட்டிகளை நான் குறை சொல்லமாட்டேன். மேடையே பார்க்காத எத்தனையோ பிள்ளைகள் அதில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் போட்டிக்குச் சில நிமிட ஆட்டம் போதும், மண் உலர்வதற்கு நாட்கள் வேண்டும். இரண்டாவதற்கு நம் கால அட்டவணையில் இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தப் பள்ளியில் உடனே பணம் ஒதுக்கினார்கள். மூன்று நாள் கூலி கொடுக்க எந்தக் கணக்கிலும் வழியில்லை என்றார்கள். ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து கொடுத்தோம். கற்றுக்கொடுக்க வருகிறவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுக்காமல் பாரம்பரியத்தைப் போற்றுகிறோம் என்று பேனர் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கரகம் எங்கே என்று கேட்டவருக்கு இப்போது சொல்வேன்: ஐயா, கரகம் ஆடும் பிள்ளை ஆடட்டும், கைதட்ட நானும் வருவேன். ஆனால் வாடகை உடையும் ஒப்பனையும் இல்லாமல், வீட்டு அலமாரியில் தினமும் கைபடுகிற பொருளிலிருந்து தொடங்கினால் எந்தப் பிள்ளையும் வெளியே நிற்க வேண்டியதில்லை. சொம்பு கொண்டு வந்த மாணவிக்கு அதில் இருந்த பெயர் யாருடையது என்றே முதலில் தெரியாது. அவள் அப்பாவுடைய அப்பத்தாவின் பெயர். வீட்டில் எல்லாரும் அப்பத்தா என்றே சொல்லிப் பழகியதால் பெயரை யாரும் சொன்னதில்லை. உடைந்த ஓட்டில் அவள் தன் பெயரைக் கீறவில்லை. அந்தப் பெயரைத்தான் கீறினாள், கீழே தும்பிக்கை ணையோடு ‘துணை’.

அந்த ஓடுகள் இப்போது எங்கள் நூலக அலமாரியில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் பெயர் வெட்டிய பழைய பாத்திரம் கிடந்தால் படம் எடுத்து, யார் பெயர் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பருவ விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளிடம் காட்டுகிறேன்.